எந்தத் தெரு ஊறுகாய்?

சின்னசேலம் பேருந்து நிலையத்தின் ஓரத்தில் மகளிர் குழு ஒன்று மேசை போட்டு நெல்லிக்காய் ஊறுகாயும் தேன் நெல்லியும் விற்றுக்கொண்டிருந்தது. கல்வராயன் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். நாம் அங்கே நின்ற அரை மணி நேரத்தில், வந்தவர்கள் கேட்டது மூன்றே கேள்விகள். "என்ன விலை?" "எந்த ஊரும்மா?" "ஊர்ல எந்தத் தெரு?" மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும், கையில் எடுத்த பாட்டில் சத்தமில்லாமல் மேசைக்குத் திரும்பியது. எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டோம். வாங்கிப் போனவர்களும் உண்டு. ஆனால் திரும்பி வைத்தவர்களை அந்தப் பெண்கள் மறக்கவில்லை.

குழுத் தலைவி சொன்னார்: "நெல்லிக்காயைக் கூடையில கொண்டாந்தப்ப யாரும் தெரு கேக்கலீங்க. பாட்டில்ல போட்ட பொறவுதான் கேக்கறாங்க."

பழ விவசாயிகளின் வருமானத்தைப் பெருக்க, பழத்தைப் பழமாக விற்காமல் பொருளாக்கி விற்க வேண்டும் என்று அரசும் அதிகாரிகளும் வேளாண் அறிஞர்களும் தொடர்ந்து சொல்கிறார்கள். மதிப்புக்கூட்டல் என்பது அதற்குப் பெயர். நல்ல யோசனைதான். நாமும் வரவேற்கிறோம். ஆனால் அந்த அம்மாவின் சொல்லைக் கேட்ட பிறகு நமக்குச் சில கேள்விகள் எழுகின்றன. கூடுகிற மதிப்பு யார் கைக்குப் போகிறது? பழம் யாருடையது, இயந்திரம் யாருடையது, பாட்டிலில் ஒட்டுகிற பெயர் யாருடையது?

பறித்த பழம் காத்திருக்காது

பழத்தின் பலவீனம் அதன் ஆயுள்தான். நெல்லைக் குதிரில் கொட்டி விலை வரும்வரை காத்திருக்கலாம். பழுத்த கொய்யாவையும் மாவையும் பலாவையும் அப்படி வைக்க முடியாது. பறித்தவர் அவசரத்தில் இருக்கிறார், வாங்குபவருக்கு அவசரமில்லை. விலை அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால்தான் கூழாக, பழச்சாறாக, ஊறுகாயாக, வற்றலாக மாற்றி வைத்துக்கொள் என்கிறார்கள். மாற்றினால் மாதக்கணக்கில் நிற்கும். பேரம் பேச நேரம் கிடைக்கும்.

சின்னசேலம் வட்டாரத்து மக்களுக்கு இது புதிய பாடமல்ல. மரவள்ளி போட்டவர்கள் எல்லோரும் படித்த பாடம். பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளைக்கு மேல் தாங்காது. லாரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோனால், மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை சொல்வார்கள். சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஏற்றிய கிழங்கைத் திருப்பிக்கொண்டு வந்தவர் யாரும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மரவள்ளியில் மதிப்புக்கூட்டல் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கிழங்கு ஜவ்வரிசியாகிறது, ஸ்டார்ச் ஆகிறது, வடமாநிலங்களுக்குப் போகிறது. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மதிப்பு கூடியது உண்மை. கூடிய மதிப்பு கிழங்கு போட்டவரிடமும், தோல் உரித்து, களத்தில் காயவைத்த கூலிப் பெண்ணிடமும் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை அவர்கள் வீட்டைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

ஆலை வந்தால் மட்டும் போதாது

1981-ல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. இடைத்தரகர்களிடம் சிக்கிக்கொண்டிருந்த ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி, கிடங்கும் ஏலமும் கடனுமாகத் தங்கள் தொழிலைக் காத்துக்கொண்டார்கள். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் ஆலைக்காரர்கள். கிழங்கு போட்டவர்கள் அல்ல. சங்கம் யாருடையதோ, பாதுகாப்பும் அவருக்கே.

2025 மாம்பழப் பருவம் இதையே வேறு விதமாகச் சொன்னது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் ஆலைகள் நிறையவே இருக்கின்றன. பெங்களூரா மாம்பழம் அந்த ஆலைகளை நம்பித்தான் விளைகிறது. விளைச்சல் கூடிய அந்த ஆண்டில் விலை கிலோ 4, 5 ரூபாய் என்று விழுந்தது. பறிப்புக் கூலிக்கும் கட்டாது என்று விவசாயிகள் பழத்தை மரத்திலேயே விட்டார்கள்; சாலையில் கொட்டினார்கள். எல்லைக்கு அப்பால் சித்தூரிலும் இதே நிலைமை. அங்கே ஆந்திர அரசு தலையிட்டு, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் தரும் என்று 12 ரூபாய் நிர்ணயித்தது. ஆலை பக்கத்தில் இருந்தும் விவசாயி வீதிக்கு வர நேர்ந்தது. காரணம், ஆலை அவருடையது அல்ல.

இதற்கு மாற்றை நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1946-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள், தங்கள் பாலை ஒரே தனியார் நிறுவனத்துக்கு அதன் விலைக்கு ஊற்றிக்கொண்டிருக்க மறுத்துக் கூட்டுறவு கண்டார்கள். அதுதான் அமுல். பாலைப் பதப்படுத்தும் ஆலையும் கறந்தவர்களுடையதே ஆனது. பதப்படுத்துவதால் மட்டும் விவசாயி பிழைப்பதில்லை. பதப்படுத்தும் இடத்தில் அவருக்குப் பங்கு இருந்தால்தான் பிழைக்கிறார்.

அண்ணல் அம்பேத்கர் 1918-லேயே இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்தால் விவசாயம் செழித்துவிடும் என்று அன்றைய பொருளியல் அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, நிலத்தை நம்பித் தேவைக்கு மேல் ஆட்கள் கிடப்பதுதான் நோய், தொழில்மயமாக்கம்தான் மருந்து என்று அவர் வாதிட்டார். நூறாண்டு கடந்தும் அந்த வாதம் பழசாகவில்லை. சேரியில் இருப்பவருக்கு நிலத்தில் கூலி வேலை மட்டும் போதாது. தொழிலில் பங்கு வேண்டும்.

பட்டா இல்லாத 'விவசாயி'

'பழ விவசாயி' என்று அரசுக் கோப்பு எழுதும்போது யாரை நினைக்கிறது? பட்டா, சிட்டா, அடங்கல் வைத்திருப்பவரை. தோப்பில் ஏறிப் பறிப்பவர், கூடை சுமப்பவர், ஒரு பருவத்துக்கு மரத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் காப்பவர் ஆகியோர் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பட்டியல் சாதியினர் சுமார் 29 சதவீதம். மாநில அளவில் 20 சதவீதம்தான். 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி அந்தப் பரப்பிலிருந்து பிரிந்ததுதான். இவ்வளவு பேர் வாழும் பகுதியில் தோப்புக்காரர் எத்தனை பேர், தோப்பில் வேலை செய்பவர் எத்தனை பேர் என்று ஊருக்கு ஊர் எண்ணிப் பார்த்தால் போதும்.

நிலமே தரப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு தரப்பட்ட நிலம் அது. அந்த நிலங்களில் எத்தனை இன்று யார் கையில் இருக்கின்றன என்பது இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிலம் இல்லாதவர் கடனுக்குப் போனால் என்ன நடக்கிறது? பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம் 2020-ல் தொடங்கப்பட்டது. திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். படிப்பதற்கு நன்றாக இருக்கிறது. 20 லட்சம் ரூபாயில் பழக்கூழ்க் கூடம் ஒன்று அமைக்க நினைக்கும் குழுவுக்கு 7 லட்சம் மானியம் உண்டு. ஆனால் அது கையில் வருவதில்லை. கடன் கணக்கில் நிற்கும். முதலில் சொந்தப் பங்காக 10 சதவீதம், அதாவது 2 லட்சம் காட்ட வேண்டும். மீதி 18 லட்சத்துக்கு வங்கி சம்மதிக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பத்துப் பெண்கள் 2 லட்சத்தை எங்கிருந்து எடுப்பார்கள்? எடுத்தாலும், "கூடம் கட்ட இடம் யார் பேர்ல இருக்கு?" என்று வங்கி கேட்கும்போது எதைக் காட்டுவார்கள்? நத்தத்தில் இருக்கும் இரண்டு சென்ட் வீட்டையா?

இதே திட்டத்தில் சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க முதல் தரவும் வழியிருக்கிறது. பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு 4 லட்சம். மாநில அரசு 2023-ல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. படிப்புத் தகுதி எதுவும் கேட்கப்படுவதில்லை. ஆக, திட்டம் இல்லை என்பது நம் குறையல்ல. திட்டத்துக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கும் வாசற்படிதான் குறை. அந்தப் படியில் நிற்பவரை உள்ளே அழைக்க ஆளில்லை.

கைபட்ட உணவு

மூன்றாவது கேள்விக்கு இப்போது வருவோம். பழத்துக்குச் சாதி இல்லை என்பது ஊர் வழக்கம். சேரிக்காரர் பறித்த மாங்காயை ஊர் வாங்கும். அவர் அறுத்த நெல்லைக் குத்திச் சோறாக்கித் தின்னும். ஆனால் அவர் உப்பும் மிளகாயும் சேர்த்து, கிண்டி, பாட்டிலில் அடைத்த மறுகணம் அது 'கைபட்ட' பொருளாகிவிடுகிறது. மற்றவர்களுக்கு மதிப்பைக் கூட்டித் தரும் அதே வேலை நம் மக்களுக்கு மட்டும் மதிப்பைக் குறைத்துத் தருகிறது. எந்தப் பொருளாதாரப் பாடநூலும் இந்தக் கணக்கை எழுதவில்லை.

மிகைப்படுத்துகிறோம் என்று நினைப்பவர்கள் பள்ளிக்கூடச் சமையலறைகளைத் திரும்பிப் பார்க்கட்டும். 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. அவரை மாற்றும் அளவுக்கு அதிகாரம் வளைந்தது. கண்டனம் எழுந்த பிறகே நிமிர்ந்தது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர் பள்ளியில், காலை உணவைப் பட்டியல் சாதிப் பெண் சமைப்பதால் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட நேர்ந்தது. இலவசமாகத் தரும் சோற்றையே மறுக்கும் மனம், காசு கொடுத்து வாங்கும் ஊறுகாயை விசாரிக்காமல் விடுமா?

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அடைத்து விற்கும் உணவுப் பொட்டலத்தில் தயாரித்தவரின் பெயரும் முழு முகவரியும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். நுகர்வோருக்கு அது தேவையான பாதுகாப்பு. ஆனால் நம் ஊர்களில் முகவரியே சாதிச் சான்றிதழ். 'காலனி', 'ஆதிதிராவிடர் தெரு' என்று பதிவேட்டில் இருப்பதுதான் லேபிளிலும் வரும். 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதைச் சிலர் வெறும் பெயர் மாற்றம் என்று கேலி பேசினார்கள். ஊறுகாய் பாட்டிலைத் திருப்பி முகவரியைப் படித்துவிட்டு வைத்துப் போனவரைப் பார்த்த பெண்களிடம் கேட்டால், அது வயிற்றுப்பாட்டுக் கேள்வி என்று சொல்வார்கள்.

மறைப்பதுதான் வழி என்றும் நாம் சொல்லவில்லை. தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத் 2016-ல் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரிலேயே ஊறுகாயும் மசாலாப் பொடிகளும் விற்கத் தொடங்கினார். மறைக்கச் சொன்ன அடையாளத்தையே முத்திரையாக்கிய துணிச்சல் அது. முகவரியை மாற்றிக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. பெயரை உரக்கச் சொல்லி விற்கவும் உரிமை உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தயாரிப்பவரின் முடிவாக இருக்க வேண்டும், வாங்க வருபவரின் முடிவாக அல்ல.

மலையிலிருந்து இறங்கும் மூட்டை

கல்வராயன் மலையைச் சேர்க்காமல் இந்தப் பேச்சு முடியாது. மலையாளிப் பழங்குடி மக்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்தவர்கள். இன்றும் அவர்கள் சேகரிக்கும் கடுக்காயும் புளியும் நெல்லியும் மூட்டையாகத்தான் மலையிறங்குகின்றன. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்தால் திரிபலா. நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பொடி என்ன விலை, மலையில் கடுக்காய் என்ன விலை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நடுவில் நடப்பது கொட்டை நீக்கி, காயவைத்து, இடித்து, சலித்து அடைப்பது மட்டுமே. வெள்ளிமலையில் செய்ய முடியாத வேலையா அது? 2006 வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருளின் உரிமையை அம்மக்களுக்கே தந்திருக்கிறது. உரிமை மூட்டையோடு நின்றுவிட்டது, பொடியை எட்டவில்லை.

மலையிலும் அடிவாரத்திலும் நேர்மையான தொழில் இல்லாத இடத்தை எது நிரப்புகிறது என்பதை 2024 ஜூனில் பார்த்தோம். கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அந்தச் சாவுக்கு விற்றவர்களும் கண்டும் காணாமல் இருந்தவர்களும் பொறுப்பு. அதைத் தொழிலின்மை என்று சொல்லி யாரையும் தப்பவிட மாட்டோம். ஆனால் ரெய்டு மட்டும் மாற்றாகாது. ஊறல் பானையை உடைத்தவர்கள் அந்த இடத்தில் வேறு எதை வைத்தார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

என்ன செய்யலாம்?

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல.

முதலாவது, கணக்கு. உணவுப் பதப்படுத்தும் கடனுக்குப் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, மறுத்த வங்கி சொன்ன காரணம் என்ன என்பதை ஒன்றியவாரியாக வெளியிட வேண்டும். தாட்கோவும் மாவட்டத் தொழில் மையமும் சின்னசேலத்திலும் வெள்ளிமலையிலும் சேர்ந்து முகாம் நடத்தி, திட்ட அறிக்கை எழுதுவது முதல் வங்கிப் படியேறுவது வரை கூட வர வேண்டும்.

இரண்டாவது, இடம். தனித்தனியாக யாரும் ஆலை கட்ட முடியாது. அரசு இடத்தில் பொதுப் பதப்படுத்தும் கூடம் அமைத்து, அதைக் குழுக்களின் கூட்டுறவிடம் ஒப்படைக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024-ல் சட்டமே வந்துவிட்டது. ஒதுக்கிய பணம் திரும்பிப் போகாமல் இப்படிப்பட்ட கூடமாக நிற்கட்டும். பயிற்சி தரத் தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

மூன்றாவது, உறுப்பினர் உரிமை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேரப் பட்டா கேட்கிறார்கள். ஆனால் நிறுவனச் சட்டம் தரும் விளக்கத்தின்படி, விளைபொருளோடு தொடர்புடைய செயலில் ஈடுபடும் எவரும் உற்பத்தியாளரே. மரக்குத்தகைதாரரையும் பறிப்புத் தொழிலாளியையும் பங்குதாரராகச் சேர்க்கச் சட்டம் தடையாக இல்லை.

நான்காவது, சந்தை. ஆதிதிராவிடர் நல விடுதிகள், சத்துணவுக் கூடங்கள், அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றுக்கு ஊறுகாயும் பழக்கூழும் இக்குழுக்களிடம் வாங்கலாம். மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடிக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதலே ஆணை இருக்கிறது. கடுக்காய்ப் பொடியை வாங்க அரசின் டாம்ப்கால் நிறுவனம் இருக்கிறது. அரசு வாங்கத் தொடங்கினால் ஊரும் மெல்ல வாங்கும்.

நமக்குள்ளும் ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். நிலத்துக்கும் மானத்துக்கும் போராடத் தெரிந்த நம் இயக்கங்கள் கணக்கு நோட்டு, காலாவதித் தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றைச் சிறிய விஷயங்களாக ஒதுக்கிவிட்டன. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு தயாரிப்பாளர் அந்தப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்ட வேண்டும் என்பதுகூட நம் குழுக்கள் பலவற்றுக்குச் சொல்லப்படவில்லை. அதைச் சொல்வதும் இயக்க வேலைதான்.

அன்று சாயங்காலம் மேசையை மடக்கும்போது நாமும் ஒரு பாட்டில் நெல்லிக்காய் ஊறுகாய் வாங்கிவந்தோம். உப்பும் காரமும் அளவாக, நல்ல கைப்பக்குவம். வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை அப்படியொரு மேசையைப் பார்த்தால் விலையைக் கேளுங்கள். ஊரையும் கேளுங்கள். என்றைக்குப் போட்டது, எண்ணெய் எது என்றெல்லாம் கேளுங்கள். மூன்றாவது கேள்வியை மட்டும் கேட்காமல் வாங்கிப் போங்கள்.